இசக்கியம்மாள் சுற்றிய நான்கு பீடிகள்

நம் மருந்தக ஊழியர் சங்கச் செயலாளர் அந்த மனுவின் மூன்றாம் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இல்லையென்றால் படித்துவிட்டே போட்டிருக்கிறார். இரண்டாவதுதான் நடந்தது என்று நான் சொல்கிறேன்.

மனுவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிகரெட், பீடி, மெல்லும் புகையிலை எல்லாவற்றுக்கும் வரியைக் கூட்டு, அந்தப் பணத்தை வைத்து இதுவரை எந்த மருத்துவத் திட்டத்திலும் இல்லாதவர்களைச் சேர் என்று அரசாங்கத்தைக் கேட்கிறது. முதல் இரண்டு பக்கங்களோடு எனக்குச் சண்டை இல்லை. கூட்டட்டும். இன்னும் கூட்டட்டும். மூன்றாம் பக்கத்தில் யாருக்கு மருத்துவ அட்டை என்று வருகிறது. "தற்போது தொழிலில் இருப்பதை நிரூபிப்பவர்களுக்கு" என்று எழுதியிருக்கிறார்கள். இந்த வாசகம் எனக்குப் பழக்கம். எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் இதையே பிடித்துக்கொண்டு ஒரு ஜன்னலில் உட்கார்ந்திருந்தவள் நான்.

சங்க இதழுக்கு வாழ்த்துக் கட்டுரை ஒன்று கேட்டார்கள். வாழ்த்தெல்லாம் எனக்கு வராது. இப்போது அட்டை ஜன்னல்களில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு, அங்கே நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன்.

எங்கள் மருந்தகத்துக்குப் பலகையில் நீளமான பெயர் இருந்தது. சனங்களுக்கு அது பீடி ஆஸ்பத்திரி. பஜார் ரோட்டிலிருந்து படகு ஜெட்டிக்குத் திரும்பும் சந்தில், பழைய இஞ்சிக் கிடங்கு ஒன்றின் முன்பகுதி. ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், பியூன் ஔசேப்பு சேட்டன், அட்டை எழுத நான். எங்கள் சம்பளமும் மருந்தும் சுவரில் அடித்த சுண்ணாம்பும் பீடி மேல் போட்ட தனி வரியிலிருந்து வந்தவை. பீடியிலிருந்து எடுத்து, பீடி சுற்றுகிறவர்களின் வைத்தியத்துக்குக் கொடு என்பதுதான் சட்டம். நல்ல சட்டம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

அந்த வராந்தாவை நினைத்தால் இப்போதும் மூக்கில் சுக்கு வாசனை ஏறுகிறது. கூவப்பாடத்திலிருந்தும் செரளாயியிலிருந்தும் பெண்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள். பாதிப் பேர் தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர்கள். புருஷன் பஜாரில் மூட்டை தூக்குவான். இவள் அம்மா வீட்டில் கற்ற தொழிலை இங்கேயும் விடமாட்டாள். அவர்கள் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார்கள், ஔசேப்பு சேட்டன் மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார். தூக்குச்சட்டியில் கப்பைக் கிழங்கும் மத்திக் கறியும் வரும், எனக்கும் ஒரு பங்கு உண்டு. டாக்டர் வரத் தாமதமானால் ஒருத்தியும் முகம் சுளிக்கமாட்டாள். வீட்டை விட்டு வந்து கால் நீட்டி உட்கார அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. அந்தச் சிரிப்புச் சத்தத்தில் என் பேனா பலமுறை தப்பாக எழுதியிருக்கிறது. உங்கள் குளிரூட்டிய அறைகளில் அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை.

என் அப்பா நகரசபையில் தெரு பெருக்கினார். அம்மா பீடி சுற்றினாள். நான் பத்தாவது முடித்து, இரண்டு மொழியும் எழுதத் தெரிந்ததால் வேலை கிடைத்தது. பீடிக்காரி மகள் என்பதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அட்டைக்கு விண்ணப்பம் கொடுத்தால் ஏஜென்ட் கையெழுத்துப் போட வேண்டும். ஏஜென்ட் என்றால், இலையும் தூளும் எடைபோட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, சுற்றிய பீடியைக் கடையில் வாங்கிக்கொள்கிறவன். அவன் போடமாட்டான். போட்டால் இவள் என் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், பிறகு போனஸ் கேட்பாள், லீவு கேட்பாள். வரியை மட்டும் பீடி விலையில் ஏற்றிக்கொள்வான். வரி கூடப்போகிறது என்று பேச்சு வந்தபோதெல்லாம் தொழிலே செத்துவிடும் என்று அழுதவனும் அவன்தான். வரி கூடியது. தொழில் சாகவில்லை. அவன் சுள்ளிக்கலில் மாடி வீடு கட்டினான். இன்றைக்கும் டிவியில் அதே அழுகையைக் கேட்கிறீர்கள், நம்பாதீர்கள்.

கையெழுத்து இல்லாமல் விண்ணப்பங்கள் குவிந்து கிடந்தன. அப்போதுதான் நான் ஒரு யோசனை சொன்னேன். ஏஜென்ட் கையெழுத்து எதற்கு? வராந்தாவில் ஒரு சுளகு, இலை, தூள், நூல், கத்தரி வைப்போம். வருகிறவள் என் கண் முன்னால் சுற்றிக் காட்டட்டும். கால் மணி நேரத்தில் இருபத்தைந்து பீடி, ஒரு கட்டு. சுற்றினால் அவள் தொழிலாளி, அட்டை எழுதிவிடலாம். நலத்துறை அதிகாரி எறணாகுளத்திலிருந்து வந்து பார்த்தார், சரி என்றார். என்னைப் பாராட்டி ஒரு தாளும் அனுப்பினார்.

நன்றாகவே நடந்தது. கையெழுத்துக்காக வருஷக்கணக்கில் அலைந்தவர்கள் ஒரு காலையில் அட்டையோடு போனார்கள். சுற்றிய பீடியில் நாலைந்தை ஓர் உறையில் போட்டு விண்ணப்பத்தோடு குத்தி வைப்போம், அதுதான் சாட்சி. கள்ளத்தனமாக வந்தவர்களும் மாட்டினார்கள். மிளகுக் கிடங்கு குமாஸ்தா ஒருவரின் மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து, வெற்றிலை மடிப்பதுபோல இலையை மடித்தாள். ஔசேப்பு சேட்டன் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இத இழுத்து வலிக்கணும்னா ரெண்டு ஆள் வேணும் மோளே" என்றார். வராந்தா முழுக்கச் சிரித்தது. அந்தம்மாவும் சிரித்துவிட்டு எழுந்து போனாள்.

இதெல்லாம் ஏஜென்டுக்குப் பொறுக்குமா? நான் என் சொந்தக்காரப் பெண்களுக்கெல்லாம் அட்டை எழுதிக் கொடுக்கிறேன் என்று மேலே புகார் அனுப்பினான். என் பெயர் போட்டு. அதிகாரி விசாரணைக்கு வந்தார். என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்று முழுவதும் பார்க்கப்போகிறேன் என்றார். அன்றைக்குத்தான் இசக்கியம்மாள் வந்தாள்.

கூவப்பாடத்துக்காரி. பக்கத்து வீட்டுப் பெண் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது, ஆனால் வராந்தாப் படி ஏறியதும் சுவரில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினாள். நெஞ்சில் சயம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அங்கே மாத்திரை இலவசம்தான், இருக்கும்போது கிடைக்கும், இல்லாதபோது திரும்பி வரவேண்டியதுதான். எங்கள் அட்டை இருந்தால் காச நோய் ஆஸ்பத்திரியில் பீடித் தொழிலாளிக்கென்று ஒதுக்கிய படுக்கை உண்டு, படுத்திருக்கும் காலத்துக்கு வீட்டுக்கு உதவித்தொகையும் உண்டு. அவளுக்கு இரண்டு சின்னப் பெண்கள். வீட்டில் உலை வைக்க வழி இல்லாமல் அவள் எங்கே போய்ப் படுப்பாள்? அட்டை கிடைத்தால் படுக்கை, கிடைக்காவிட்டால் சாவு. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அது நன்றாகத் தெரியும்.

சுளகை மடியில் வைத்துக்கொண்டாள். இடது கைக்காரி. இலையை வெட்டும்போதே கை நடுங்கியது. இரண்டு இலை கிழிந்தது. இருமல் வந்தபோது தூள் பறக்காமல் இருக்க முகத்தைத் திருப்பி முந்தானையில் இருமினாள். சுற்றத் தெரியாதவளுக்கு அந்தப் பழக்கம் இருக்காது. அதையும் நான் பார்த்தேன். கால் மணி நேரத்தில் நான்கு பீடி.

கடையில் இலை, தூள் கணக்கு எழுதிக் கொடுக்கும் பாஸ் புத்தகத்தைக் கேட்டேன். அதில் பேச்சியம்மாள் என்று இருந்தது.

"மாமியா பேரு சேச்சி. அவங்க செத்து ஆறேழு வருசமாச்சு. புதுப் புத்தகம் போட்டுத் தரமாட்டேங்காங்க, அவங்க பேர்லயே ஓடுது" என்றாள்.

அதிகாரி சிரித்தார். செத்தவள் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறாள், உயிரோடு இருப்பவளுக்குச் சுற்ற வரவில்லை, நல்ல குடும்பம் என்று மலையாளத்தில் சொன்னார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

விதி இதுதான், சுற்றிக் காட்டினால்தான் அட்டை என்று நான் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து விளக்குவதுபோலச் சொன்னாள்.

"சுத்த முடிஞ்சா நான் எதுக்கு சேச்சி இங்க வாறேன்? வீட்டுல இருந்து சுத்திக்கிட்டு இருப்பேன்லா."

நான் பேனாவை எடுத்தேன். "தொழிலாளி என நிரூபிக்கப்படவில்லை" என்று எழுதி, நான்கு பீடியை உறையில் போட்டுக் குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

எனக்குத் தெரியாமல் நடந்த தப்பு என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். பீடி வாயை மடித்து மடித்துத் தேய்ந்த அவள் பெருவிரல் நகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. கத்தரி பிடித்துக் காய்ப்பேறிய விரலைப் பார்த்தபோது தெரிந்தது. என் அம்மாவின் கையும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் அதிகாரி, என் பெயரில் புகார். அன்றைக்கு யாரையாவது தள்ளிக் காட்ட வேண்டியிருந்தது, தள்ளுவதற்கு லேசாக இருந்தவளைத் தள்ளினேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அன்றைக்கு விதிப் புத்தகம் உங்கள் பக்கம்தான் நிற்கும்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அந்த உறையை எடுத்துக்கொண்டு பஜார் ரோட்டில் ஏஜென்ட் கடைக்குப் போனேன். ஏஜென்ட் இல்லை. செக்கர் பரமசிவம் அண்ணாச்சி மட்டும் தரையில் உட்கார்ந்து பீடிக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். பெண்கள் கொண்டுவரும் பீடியில் நல்லதை எடுத்து, தளர்ந்ததையும் வாய் பிரிந்ததையும் கழித்து எறிவது அவர் வேலை. வராந்தாவில் அவரைத் திட்டாத பெண் கிடையாது. என் அம்மாவும் திட்டியிருக்கிறாள். யார் சுற்றியது என்று சொல்லாமல் நான்கு பீடியையும் அவர் முன்னால் வைத்தேன்.

ஒன்றை எடுத்து வாய் மடிப்பைப் பார்த்தார். "கூவப்பாடத்து இசக்கி" என்றார். "இடது கை. மடிப்பு எதிர்ப்பக்கம் சாயுது பாரு. இந்தக் கடையில வேற யாருக்கும் இப்படிச் சாயாது."

பிறகு அவரே கேட்டார், அவளுக்கு நோய் என்று டாக்டர் எப்போது சொன்னார் என்று. தை கடைசியில் என்றேன்.

"எனக்கு ஆவணியிலயே தெரியும்" என்றார். "மடிப்பு நிக்கல. நூல் தளந்து வந்துச்சு. வாரா வாரம் கழிச்சேன், வாரா வாரம் கூடிக்கிட்டே போச்சு. அவ கை அப்படி இல்ல. மேலுக்கு என்னமோ ஆயிட்டுனு நெனச்சேன்."

டாக்டருக்கு ஐந்து மாதம் முன்னால் ஒரு பீடிக்கடைச் செக்கருக்கு அவள் நோய் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கழித்துத்தான் போட்டிருக்கிறார், அதற்குத்தானே சம்பளம். அவரைத் திட்ட வாய் வந்தது. முந்தின நாள் என் பேனா என்ன செய்தது என்று நினைத்து மூடிக்கொண்டேன்.

இவள் இந்தக் கடைத் தொழிலாளி என்று எழுதித் தரச் சொன்னேன். தலையை ஆட்டினார். "எழுதமாட்டேன். எனக்கு மூணு பொண்ணு. ஆனா யாரும் நேர்ல வந்து கேட்டா பொய் சொல்லமாட்டேன்."

இதை அப்படியே அதிகாரிக்கு எழுதினேன், ஒருமுறை வந்து கேளுங்கள் என்று. வாய்மொழிச் சாட்சிக்கு விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதற்குப் பதிலே வரவில்லை. இதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் வந்து, இசக்கி இப்போது ரத்தமாகத் துப்புகிறாள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் அதிகாரி மருந்து இருப்புப் பார்க்க வந்தார். இசக்கி பெயரை எடுத்தேன், அந்த விஷயம் முடிந்துவிட்டது என்றார். சாயா குடித்தார், கையெழுத்துப் போட்டார், எறணாகுளம் போகும் படகைப் பிடிக்க ஜெட்டிக்குக் கிளம்பினார். நான் உறையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். எனக்குப் பின்னால் ஔசேப்பு சேட்டன், மருந்தகத்தைப் பூட்டாமலே.

ஜெட்டியில் வரிசை நின்றது. மூட்டைக்காரர்கள், எறணாகுளம் போகிற உத்தியோகஸ்தர்கள், கூடையோடு மீன்காரிகள். எனக்கு நாசூக்காகப் பேசத் தெரியாது. உரக்கத்தான் கேட்டேன்.

"சார், பீடிக்கடை பக்கத்துலதான். ஒரே ஒரு கேள்வி. கேட்டுட்டு அடுத்த போட்டுல போங்க."

ஆபீஸ் விஷயத்தை ஆபீசில் பேச வேண்டும் என்றார்.

"ஆபீசுல கேட்டாச்சு. எழுதியும் கேட்டாச்சு. ஒருத்தி ரத்தம் கக்கிட்டுக் கிடக்கா. அவ பீடி சுத்துனவளா இல்லையான்னு சொல்ல ஒரு ஆளு உக்காந்திருக்காரு. நீங்க கேக்கணும், அவ்வளவுதான்."

வரிசை திரும்பிப் பார்த்தது. யாரோ என்னவென்று கேட்க, ஔசேப்பு சேட்டன் மலையாளத்தில் முழுக்கதையும் சொல்லத் தொடங்கிவிட்டார், செத்த மாமியார் வரைக்கும். அதிகாரி காது சிவந்து நின்றார். ஒரு மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள், "போயிட்டு வா சாரே. போட்டு இனியும் உண்டு."

போனார். பாதி வரிசையும் கூடப் போனது. கடையில் அன்று ஏஜென்ட் இருந்தான். அதிகாரி நான்கு பீடியையும் பலகை மேல் வைத்து, இது யார் சுற்றியது என்று பரமசிவம் அண்ணாச்சியைக் கேட்டார். அண்ணாச்சி பீடியைத் தொடவில்லை. முதலில் ஏஜென்டைப் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"கூவப்பாடத்து இசக்கியம்மா. ஒம்பது வருசமா அவ பீடிக் கட்ட நான்தான் வாங்குறேன். மாமியா பேர்ல, அந்தம்மா செத்த பொறவும்."

ஏஜென்ட் குரலை உயர்த்தவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அங்கேயே சொன்னான். அண்ணாச்சி வேட்டியில் ஒட்டிய தூளைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அதிகாரி அந்தப் பலகை மேலேயே விண்ணப்பத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே அட்டை எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு கோணலாக வேறு எந்த அட்டையிலும் இல்லை.

இசக்கி ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் படுத்திருந்தாள். ஒரு பக்க நுரையீரல் போனதுதான். அந்த மூன்று வாரத்துக்கு அதில் பங்கு இருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். இருக்காது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பிழைத்தாள். பீடியைத் தொடவில்லை, அம்மன் கோவில் பக்கம் பூக் கட்டி விற்றாள். எண்பதுகளின் கடைசியில் மூத்த பெண்ணைக் கும்பளங்கியில் கட்டிக் கொடுத்தாள். நானும் ஔசேப்பு சேட்டனும் போனோம். எனக்கு ஒரு இலைக்கு இரண்டு இலையாகப் பரிமாறி, "தின்னுங்க சேச்சி, இங்க சோதனை கெடையாது" என்றாள். பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள்.

இதோடு முடித்தால் நீங்கள் கைதட்டுவீர்கள். முடியவில்லை.

பரமசிவம் அண்ணாச்சிக்கு வேறு எந்தக் கடையும் வேலை கொடுக்கவில்லை. சில வருஷம் கழித்து என் ஜன்னலுக்கு வந்தார். ஆயுள் முழுக்கப் புகையிலைத் தூளுக்கு நடுவில் உட்கார்ந்தவர், நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச மூச்சு இல்லை. அவர் சுற்றுகிறவர் இல்லை, சுளகு கொடுத்துச் சோதிக்க முடியாது. தொழிலில் இல்லை, நீக்கப்பட்டவர். இப்படி ஒருவர் வேலை செய்ததே இல்லை என்று ஏஜென்ட் எழுதிக் கொடுத்தான். அவர் பீடியைக் கழித்துப்போட்ட பெண்களே, வாழ்நாள் முழுக்க அவரைத் திட்டிய பெண்களே, வராந்தாவில் வரிசையாக நின்று எங்களுக்குத் தெரியும் என்று கைநாட்டு வைத்தார்கள். அனுப்பினேன். "தற்போது தொழிலில் இல்லாதவர்" என்று திரும்பி வந்தது. இந்த முறை ஜெட்டிக்குத் துரத்திப் போகவும் வழியில்லை, கோப்பு திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. அந்த வருஷம் ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையை அவர் தாண்டவில்லை.

அதற்குப் பிறகு நான் ஓய்வுபெறும் வரை எழுதிக்கொண்டே இருந்தேன். நோயால் கை போனவளிடம் சுற்றிக் காட்டச் சொல்லாதே. உண்மை சொன்னதற்காக வேலை போனவனிடம் வேலைச் சான்று கேட்காதே. கூட வேலை செய்தவர்களின் வார்த்தையைச் சாட்சியாக எடு. பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். அதே விதி இப்போது அரசாங்கத்திடமிருந்து வரவில்லை, நம் சங்கத்தின் மனுவில், நம் தலைப்புத் தாளில் வருகிறது.

பிள்ளைகளே, வரி நன்றாகத்தான் வசூலாகும், அதில் யாருக்கும் சிரமம் இல்லை. சாகக் கிடப்பவன் பீடியைப் பற்ற வைத்தாலும் வரி விழும், அப்போது யாரும் நீ தொழிலில் இருக்கிறாயா என்று கேட்பதில்லை. கேள்வி எல்லாம் திருப்பிக் கொடுக்கும் இடத்தில்தான். அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது நீங்கள்.

செயலாளர் அவர்களே, நான் உங்களுக்கு இரண்டு கடிதம் போட்டேன். கிடைத்தது என்று சொல்லி அனுப்பினீர்கள். அது பதில் இல்லை. வேலை செய்ய முடியாமல் போனதாலேயே வைத்தியம் தேவைப்படுகிறவர், உங்கள் மூன்றாம் பக்கத்தின்படி எந்த வழியில் அட்டை வாங்குவார்? வருகிற பொதுக்குழுவில், எல்லாக் கிளை ஆட்களும் உட்கார்ந்திருக்கும்போது, மைக் முன்னால் எழுந்து நின்று இதற்குப் பதில் சொல்லுங்கள். அறைக்குள் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம், நான் வரமாட்டேன்.